பன்னிரண்டாம் பக்கம்

வெள்ளவத்தை
14.09.1997

அன்புள்ள தம்பி வரதராசாவுக்கு,

நீரும் மனைவி பிள்ளைகளும் லண்டனில் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிழை திருத்த அனுப்பிய எங்கள் பல்கலைக்கழகப் படகோட்ட வரலாறு கிடைத்தது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

முதல் படகை இரவல் வாங்கியது, கொட்டகைக்குக் கூரை போட்டது, 1981இல் கிண்ணம் வென்றது எல்லாம் அழகாக எழுதியிருக்கிறீர். துடுப்புப் போட்ட நால்வரின் பெயரும் இருக்கிறது. சுக்கான் பிடித்த என் தம்பி சிவானந்தனின் பெயர் இல்லை. நீங்கள் நால்வரும் போகிற திசைக்கு முதுகு காட்டி இருந்தவர்கள். முன்னால் வருவதைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். வென்றதும் வழக்கப்படி அவனை வாவிக்குள் தூக்கிப் போட்டுவிட்டு, எங்கள் வீட்டில் வந்து புட்டுச் சாப்பிட்டீர்கள்.

பன்னிரண்டாம் பக்கத்தில் எனக்குக் கோபம் வந்தது. கொழும்புப் பேரே வாவியின் வரைபடம் அது. போட்டிப் பாதை, திருப்பம், ஆழம் எல்லாம் அவன் கையெழுத்தில். கீழே இருந்த பெயரை மட்டும் அழித்திருக்கிறீர்.

அந்தப் படத்தைக் கீறித் தரச் சொல்லிப் போன வருடம் எழுதியவர் நீர். ஒரு பிரதியை உமக்கு அனுப்பி, மற்றதைக் கொப்பிக்குள் வைத்திருந்தான். மார்கழியில் வீட்டைச் சோதித்த ஆமிக்காரர் அதை எடுத்தார்கள். வாவிக் கரையில் ஆமி முகாம் இருக்கிறதே. ஏன் ஆழம் அளந்தாய் என்று கேட்டார்களாம். “படகு தட்டாமலிருக்க, சேர்” என்றானாம். ஒன்பது மாதமாகத் தடுப்புக் காவலில் இருக்கிறான்.

நீர் எழுதிய கடிதத்தைக் காட்டியிருக்கலாம். சோதனைக்குப் பயந்து வெளிநாட்டுக் கடிதங்களை வாசித்ததும் கிழிப்பது இங்கே எல்லா வீட்டிலும் பழக்கம். அதைக் கிழித்தவள் நான். இந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான்.

அவன் பெயரோடு அந்தப் பக்கமும், கேட்டது நீர்தான் என்று ஒரு கடிதமும் இருந்தால் வெளியே எடுக்கலாம் என்கிறார் சட்டத்தரணி பலீலா. தொலைபேசியில் கேட்டேன். “அக்கா, அவன்ர பேர் போட்டா நான் கொழும்புக்கு வரேலாது. முதல்ல வெளியீட்டு விழா முடியட்டும், பாப்பம்” என்றீர். யாருடைய வரலாற்றுக்கு விழா, தம்பி?

போன கிழமை அவனைப் பார்க்கப் போனேன். “வரதன் கடிதம் எழுதினவனோ, அக்கா?” என்று கேட்டான். ஓம், தபாலில வருகுது என்றேன்.

பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நான் செய்த ஒரே திருத்தம், கீழே அவன் பெயரை எழுதியது. அப்படியே அச்சிட்டு, கடிதத்தோடு அனுப்பும்.

உம்முடைய பிள்ளைகள் நன்றாயிருக்க வேண்டும். என்னைப் பொய்க்காரி ஆக்காதேயும்.

இப்படிக்கு,
உமக்குச் சோறு போட்ட அக்கா,
நேசமலர்