மூன்றாம் பானைத் தோப்பி குறித்து

நிலம் வாழ்க. நீர் வாழ்க. நீரும் நிலமும் காக்கும் வெண்குடை வாழ்க.

வேழவரை நாட்டின் தனிப்பெருந் தலைவரும், பேரருவித் துறைக்கு உடையவரும், முள்ளூர் மதில் எறிந்தவரும், மேலைக் கடற்கரையில் எழுவர் படையை ஒருங்கே ஓட்டியவரும் ஆகிய திறலேந்தி மாவேள் பெருமான் வடபுலப் பாசறையில் வீற்றிருக்கும் திருவடிக்கு, நெடுமதிலூர்ப் பண்டசாலை அமைச்சன் குறும்பொறைச் சேந்தன் நிலந்தோய வணங்கி எழுதும் ஓலை. தேவரீரும் தேவரீரின் யானைகளும் நலமே இருக்க வேண்டும். தலைநகரில் கோட்டை நலம், குளம் நலம், அரண்மனைக் கிளிகள் பேசுகின்றன, நாங்கள் பேசாதிருக்கிறோம். தேவரீரின் வெற்றிகள் பதினேழில் இரண்டை மட்டுமே மேலே பொறித்தேன். ஏனைய பதினைந்தை மறந்தேன் அல்லேன். விட்ட காரணம் கீழே விளங்கும். விளங்கியபின் என் தலையைக் குறித்துத் திருவுள்ளம் எதுவோ அதுவே ஆகுக. அது நாட்டுக்குப் பெரிதும் பயன்பட்ட தலையன்று.

தேவரீர் அறிந்ததே எனினும் முறைமை கருதிச் சொல்லுகிறேன். நம் நாட்டு நெற்கள்ளாகிய தோப்பியாவது, முளைகட்டிய நெல்லைக் காய்ச்சி வடித்து, செதிற்பூ இட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் நுரைக்க விடுவது. பச்சைச் செதில்கள் அடுக்கிய அந்தப் பூவும், அதனுள் ஒட்டும் மஞ்சள் பொடியும் தரும் கசப்பு இல்லையேல் தோப்பி மூன்றாம் நாளே கெட்டுக் கஞ்சியாகும். மூன்றாண்டுகளுக்கு முன் வெண்பூஞ்சை கண்டு அருவிச்சரிவின் பழங்கொடிகள் முழுதும் கருகின. சரிவில் வாழும் நாற்பது குடிகளுக்கும் அக்கொடியை விட்டால் வேறு பிழைப்பில்லை. அவர்களுள் வெட்சி என்னும் பெண், கணவனைக் காய்ச்சலுக்கும் கொடியைப் பூஞ்சைக்கும் ஒரே ஆண்டில் கொடுத்தவள், அருவிக்குப் பின்புறத்துப் பாறையிடுக்கில் நோய் தொடாத ஒற்றைக் கொடியைக் கண்டெடுத்து, அதன் வேரைப் பகுத்துப் பகுத்து நட்டுச் சரிவு முழுவதையும் மீண்டும் பச்சையாக்கினாள். மழைச்செதில் என்று அதற்குப் பெயரிட்டார்கள். மழை அவ்வளவாக இல்லை. ஆசையால் இட்ட பெயர்.

தேவரீர் பாசறைக்கு எழுந்தருளுமுன் முத்திரையிட்டு என் கையில் தந்த ஆணை இது: ஐப்பசி முழுமதியில் புதுப்பூ இட்ட தோப்பியைச் சுவைஞர் மூவரும் ஏற்பாராயின் குடிகள் இருக்க, ஏலாராயின் சரிவு யானை மேய்ச்சலுக்கு ஆகுக, குடிகள் கீழைக் கடற்கரை உப்பளங்களுக்குப் பெயர்க.

சோதனைத் தோப்பியை அமைச்சன் தன் இல்லத்தில் தன் கையால் காய்ச்சி அடவேண்டும் என்பது தங்கள் பாட்டனார் வகுத்த முறை. பிறர் கை பட்டால் அமைச்சன் பிறர்மேல் பழி போடுவான் என்று அப்பெருமகனார் அறிந்திருந்தார். என் கையோ வெந்நீர் வைத்தாலும் அடிப்பிடிக்க வைக்கும் கை. ஆயினும் முறை வழுவாமல் தொடங்கினேன். பூவைப் பானையில் இட்டதும் அடுபவன் வேந்தரின் மெய்க்கீர்த்தியை உரக்கச் சொல்லத் தொடங்க வேண்டும். கீர்த்தி முடிந்ததும் பானையை இறக்க வேண்டும். கொதிக்கு அதுவே அளவு. அன்றும் அவ்வாறே சொன்னேன், பதினேழு வெற்றிகளையும், அடைமொழி ஒன்றும் குறையாமல்.

ஏழாம் நாள் பானையைத் திறந்தேன். என் மனைவி ஐயை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். “அமைச்சர் பெருமானே, இந்தப் பானைக்குள்ள கடுவன் பூனை எப்ப வந்துட்டுப் போச்சு?” என்று கேட்டாள். பூனை வரவில்லை என்று ஆணையிட்டுச் சொன்னேன். “அப்ப நீங்களேதானா?” என்றாள்.

இரண்டாம் பானைக்கு நெல்லை மாற்றினேன், நீரை மாற்றினேன், பனைவெல்லம் ஒரு கட்டி சேர்த்தேன், அடுப்புக்குப் பூசையும் செய்தேன். பக்தி போதவில்லையோ என்று அஞ்சி, மெய்க்கீர்த்தியை முன்னிலும் மெதுவாக, ஒவ்வொரு சீராக நிறுத்திச் சொன்னேன். பூவின்மேல் ஐயுற்றேன், நெல்லின்மேல் ஐயுற்றேன், என்மேல் எப்போதும்போல் ஐயுற்றேன். வேறொன்றின்மேல் ஐயுறத் தோன்றவில்லை. முழுமதி நாளில் அந்தப் பானையே அவைக்குச் சென்றது. முதற்சுவைஞர் கொற்றங்குடி ஆதன் ஒரு மிடறு வாயில் வைத்து, கண்ணை மூடித் திறந்து, “வேப்பெண்ணெயில செருப்பை ஊறவெச்சுக் குடுத்தாக்கூட இதைவிட நல்லா இறங்கும்யா” என்று தீர்ப்புரைத்தார். மற்ற இருவரும் வாய் திறக்க இயலாமையால் தலையசைத்தனர்.

ஆணையைச் சரிவில் சென்று படித்தவன் நானே. நாற்பது குடியும் நின்று கேட்டது. ஒருவரும் அழவில்லை, அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பின்வரிசையிலிருந்து ஒருவர், “உப்பளத்துல கொடி ஏறுமாங்க?” என்று மட்டும் வினவினார். ஏறாது என்று சொல்ல ஓர் அமைச்சன் தேவையில்லை, ஆயினும் சொன்னேன். திரும்புகையில் வெட்சி என் கையில் ஒரு பிடி உலர்ந்த பூவை வைத்து, “தலையணைக்குள்ள வெச்சுக்குங்க சாமி. தூக்கம் வரும். உங்களுக்குத் தேவைப்படும்” என்றாள். வீட்டைப் பறித்தவனுக்கு உறக்கம் கொடுத்தாள். அவள் ஏசியிருந்தால் என் குலத்துக்கே உய்தி கிடைத்திருக்கும்.

அப்பூவைத் தலையணையில் வைக்க மனம் வரவில்லை. சிறு பானையொன்றை ஏற்றி அதிலிட்டேன். தீர்ப்பு முடிந்தபின் அடும் தோப்பிக்குப் பயன் என்ன? பூவை இட்டு மெய்க்கீர்த்தியைத் தொடங்கினேன். சரிவில் ஆணை படித்தபோதே கட்டிக்கொண்ட தொண்டை, இரண்டாம் வெற்றியோடு அடைத்துப்போயிற்று. வாய் அசைகிறது, ஒலி இல்லை. ஐயை வந்து பார்த்தாள். “மிச்சப் போரையெல்லாம் ராசா நாளைக்கு செயிச்சுக்கட்டும். பானை தீயுது, நகருங்க” என்று சொல்லி இறக்கிவிட்டாள்.

ஏழாம் நாள் அப்பானையைத் திறந்தபோது வீடு முழுதும் நார்த்தந்தோல் கிள்ளிய மணம். கசப்பு இருந்தது, நாவின் ஓரத்தில் வந்து நின்று, விடைபெற்றுப் போய்விட்டது. ஐயை ஒரு குவளை குடித்தாள். உடனே இரண்டாவது மொண்டாள். இருபத்தாறாண்டு இல்வாழ்வில் அவள் என்னை இத்தனை புகழ்ந்ததில்லை.

பெருமானே, அப்போதுதான் விளங்கிற்று. தங்கள் பாட்டனார் கொதிக்கு மெய்க்கீர்த்தியை அளவாக்கிய நாளில் அவருக்கு வெற்றிகள் இரண்டு. தந்தையார்க்கு ஆறு. தேவரீர்க்குப் பதினேழு. பழம்பூ முரட்டுப்பூ, எத்தனை வெற்றியையும் தாங்கிற்று. மழைச்செதில் மென்பூ, இரண்டு வெற்றிக்குமேல் கொதித்தால் மணமெல்லாம் ஆவியில் போக, கசப்பு மட்டுமே எஞ்சும். இனிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அப்பதினேழில் ஒன்பதை எழுதியவன் அடியேன். கூழையாற்றில் நம் படை விரைந்து திரும்பியதை, ‘ஆற்றுக்கும் வழிவிட்ட அருளாளர்’ என்று பத்தடியில் பாடியவனும் அடியேனே. அந்தப் பத்தடி கொதித்ததில் எத்தனை வீடு வெந்தது என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஆதனாரை அழைத்து ஒரு குவளை கொடுத்தேன். குடித்துவிட்டு, “இதை அன்னிக்கே குடுத்திருக்கக் கூடாதாய்யா?” என்று கேட்டுக் குவளையைக் கவிழ்த்து வைத்தார். இரண்டாம் சுவைப்புக்கு முறையில் இடமில்லை என்பதை அவரும் அறிவார்.

சரிவுக்கும் சென்று சொன்னேன். பெரிய கண்டுபிடிப்பைச் சொல்பவன்போல் நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன். வெட்சி வேலிக் கழியொன்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். “அது எங்களுக்குத் தெரியுமே சாமி. எங்க வீட்டுல பானையை இறக்கப்போற நேரத்துலதான் பூவே போடுவோம்” என்றாள். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “ராசா பேரைக் குறைச்சுச் சொல்லுங்கன்னு யாரு சாமி வந்து சொல்லுவா? நீங்க சொல்லுவீங்களா?” என்றாள். நான் கழியின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தேன்.

ஆகவே விண்ணப்பம்: ஆணையை மீட்டருளுக. குற்றம் பூவினது அன்று, குடிகளது அன்று, அட்டவனதும் பாடியவனதும் ஆகும், இருவரும் அடியேனே. இதனை முழுமனத்தோடு வேண்டுகிறேன். முழு அறிவோடு வேண்டவில்லை. ஏனெனில் முப்பதாண்டுகளாகத் தேவரீரின் முத்திரையைக் காப்பவன் யான். அது ஒருமுறை பதிந்தபின் பெயர்ந்ததைக் கண்டதில்லை. யானைகளும் ஏற்கெனவே புறப்பட்டிருக்கும்.

ஓர் ஆணையைக் குறித்த விண்ணப்ப ஓலை வழியில் இருக்கும்வரை அவ்வாணை உறங்கும் என்பதும் நம் நாட்டு நெறியே. குதிரைவீரன் எட்டு நாளில் பாசறை சேர்வான். அவனிடம் மூன்றாம் பானைத் தோப்பியைக் கொடுத்தனுப்பினால் தேவரீர் அருந்தலாம், அருந்தினால் அறியலாம், அறிந்தும் மறுக்கலாம். இலை உதிர்ந்து கொடி உறங்கினால் ஒழிய வேரைத் தோண்டிப் பெயர்த்தல் ஆகாது. அதற்கு நாற்பது நாள் வேண்டும். இரண்டையும் தராசில் இட்டு மூன்று நாள் பார்த்தேன். தேவரீரின் திருவுள்ளம் ஒரு தட்டில், நாற்பது நாள் மறுதட்டில். பிழை பொறுக்க, நாற்பது நாள் கனத்தது.

ஆதலால் இவ்வோலையைக் கொணர்பவன் திட்டன். நம் ஓலைக்காரருள் மிகப் பருத்தவன். வழியில் காணும் எல்லோரிடமும் நலம் விசாரிப்பவன். குதிரை ஏற அஞ்சுபவன். அவன் தோளில் உள்ள சுரைக்குடுக்கையில் மூன்றாம் பானைத் தோப்பியே இருக்கிறது. தோப்பிக்குப் பதினைந்து நாளே ஆயுள் ஆகையால், திருமுன் வரும்போது நன்றாகப் புளித்திருக்கும். அருந்த வேண்டா. அது நன்றாயிருந்தது என்பதற்கு என் சொல்லும் ஐயையின் இரண்டாம் குவளையுமே சான்று.

இவ்வோலை திருக்கையை அடையும் நாளில் சரிவில் கழிகளும் கூரைகளும் இருக்கும், ஆட்கள் இரார். நாற்பது குடியும் தலைக்கொரு வேர்மூட்டையோடு போயிருப்பார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவரீர் வினவும்போது மறைக்க மாட்டேன்; அத்தனை துணிவு எனக்கில்லை. யானைகளுக்குப் புல் நன்றாக இருக்கும்.

முத்திரை மோதிரத்தை இத்துடன் கட்டியனுப்புகிறேன். கட்டுவதற்கு முன் அதைக் கடைசியாக ஒருமுறை அழுத்தி, என் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரே ஆணையை இடுகிறேன்.

ஓலைக்காரன் திட்டனுக்கு: வழிநெடுக நிழல் கண்ட இடத்தில் அமர்க. பசித்தால் உண்க. ஆறு பெருகினால் வடியும்வரை காத்திருக்க. ஓடற்க. நடந்து செல்க.

நெடுமதிலூர், கார்த்திகைத் திங்கள் பதினோராம் நாள். குறும்பொறைச் சேந்தன் கைச்சாத்து. அரசு நிலைக்க.