கடைசி அத்தியாயம் அப்படியேதான் இருக்கும்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை உன் மௌனத்திலிருந்து ஊகித்துக்கொண்டேன்.

அந்தப் பழைய காதல் நாவலை இந்தக் காலத்துக்கு மாற்றி எழுதினேனே, அதன் முடிவைத் திருத்தினால்தான் இரண்டாம் பதிப்பு என்கிறார் பதிப்பாளர். வாசகர் வட்டத்தில் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு அவருக்குப் புகார் அனுப்பியிருக்கிறார்கள். பிரிந்துபோன காதலன் பன்னிரண்டு வருடம் கழித்து வந்து கதவைத் தட்டும்போது என் நாயகி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள், சாயங்காலம் வா பேசலாம் என்கிறாள், அதுதான் குற்றம். முதல் கையெழுத்து உன் பெரியம்மாவுடையது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அவன் அவ கையப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கற இடத்துல எத்தனை தடவை அழுதிருக்கேன் தெரியுமாடி, அதுலயா கை வைப்ப, உன் படிப்புக்கு வேற கதையே கிடைக்கலையா" என்றாள். அந்த இடத்தைக் காட்டு அக்கா என்றேன். நாங்கள் பள்ளியில் படித்தபோது வாரப் பத்திரிகையில் அது மறுபடி தொடராக வந்தது, அதை வெட்டித் தைத்த கட்டுதான் அவளுடைய பிரதி. புரட்டினாள். கதவு தட்டப்படுவதோடு முடிகிறது. கடைசி வாரம் அதில் இல்லவே இல்லை. மிச்சத்தை அவளே மனதுக்குள் முடித்துவைத்து, முப்பத்தைந்து வருடமாகப் படித்ததாகவே நம்பியிருக்கிறாள். என்னிடமிருந்த முழுப் புத்தகத்தைக் கொடுத்தேன். அதில் அவன் மன்னிப்பே கேட்பதில்லை, அவனைச் சந்தேகப்பட்டதற்காக அவள்தான் காலில் விழுகிறாள். பெரியம்மா இரண்டு முறை படித்தாள். "இவ எதுக்குடி விழணும்" என்றாள். அதைத்தான் நானும் கேட்டேன் என்றேன்.

அதனால் மனம் மாறிவிட்டாள் என்று நினைக்காதே. கையெழுத்தை வாபஸ் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த அந்தப் பழைய புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். நானும் பதிப்பாளருக்கு எழுதிப் போட்டுவிட்டேன், ஒரு வரி மாறாது, அச்சிடுவதும் அச்சிடாததும் உங்கள் விருப்பம் என்று. காதலைக் காப்பாற்றுகிறோம் என்பவர்களுக்காக ஒருத்தியை மறுபடி காலில் விழவைக்க என்னால் முடியாது.

பெரியம்மா போன் செய்தால் சமாதானம் பேசாதே, எங்கள் சண்டை எங்களுக்கு வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. நீ தலைநிமிர்ந்து நன்றாக இரு. உன்னிடமிருக்கும் முதல் பதிப்பை மட்டும் யாருக்கும் இரவல் கொடுக்காதே, இனி அது கிடைக்காமலும் போகலாம்.

அன்புடன்,
உன் அம்மா