மேற்குக் கரைப் பூநாரை

ஜனவரி 5, ஞாயிறு

நான் அன்றைக்கே சொன்னேன். சித்தையன்கோட்டைப் பக்கம் இப்படி ஒரு கண்மாய் இருக்கிறது என்று ஒருநாள் உலகத்துக்கே தெரியும், கரையில் நிற்க இடம் இருக்காது என்று. யார் நம்பினார்கள்? இன்று எண்ணினேன். நாற்பது கார். சரி, பதினான்கு. பைக் தனி.

எல்லாம் என் பேச்சைக் கேட்டு வந்த கூட்டம். போன வாரம் பறவை பார்க்க வந்த மதுரைப் பையன் சிவபிரகாஷ் செல்போனில் என்னைப் படம் பிடித்தான். விடியக்காலையில் மேற்குக் கரையில் நாலு பூநாரை, ரோஜாப்பூ நிறம், கையெட்டும் தூரம் என்றேன். மறுநாளே எங்கெங்கோ பரவிவிட்டது. வேடந்தாங்கலில் நான் பேசியபோதும் இப்படித்தான், அங்கே பறவைக் காவல் பார்க்கும் வாட்சர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

ஜனவரி 7

அக்கா மகள் ஸ்ரீமதி வந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். நம் கண்மாயைப் பறவைகள் சரணாலயமாக்கச் சொல்லி இரண்டு வருஷமாக மனு எழுதுகிறவள். பிப்ரவரி மூன்றாம் தேதி வனத்துறையிலிருந்து கூடு எண்ண வருகிறார்களாம்.

"மாமா, இப்பத்தான் குஞ்சு பொரிச்சிருக்கு. கூட்டம் நெருங்குனா தாய்ப்பறவை பறந்துரும். அந்தப் பூநாரைய நெசமாவே பாத்தீகளா?"

"ஏத்தா, என்னையவே சந்தேகப்படுறியா?"

நோட்டை மூடினாள். அதில் 212 கூடு என்று எழுதியிருந்தது.

ஜனவரி 11

பூநாரை வரவில்லை.

டீக்கடையில் இருளப்பன், "என்ன பெருமாள்சாமிண்ணே, ஒங்க பூநாரை பஸ்ஸ விட்டுருச்சா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதி டீயை வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 16, காணும் பொங்கல்

எழுதவே கை வரவில்லை.

எங்கள் ஊரில் தாத்தா காலத்திலிருந்து தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாணத்துக்கும் இல்லை, சாவுக்கும் இல்லை. கண்மாயில் பறவை அடைகாக்கிறது என்று.

இன்று கரை கொள்ளாத ஜனம். மணி பத்தாகியும் பூநாரையைக் காணோம். "அப்ப பொய்யா சார்?" என்று சிவபிரகாஷ் எல்லார் முன்னாலும் கேட்டான். கையில் ஒரு வெடி வைத்திருந்தான். "ஒண்ணே ஒண்ணு. எல்லாம் எந்திரிச்சுரும். இருந்தா தெரிஞ்சுரும்ல?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்புட்டுப் பேர் என்னையே பார்க்கிறார்கள் — மேற்கே போடு என்று கையைக் காட்டினேன்.

இருளப்பன் கத்திக்கொண்டே ஓடிவந்தான். அதற்குள் வெடித்துவிட்டது.

வானம் கறுத்துப்போனது. அம்புட்டுப் பறவையும் எழும்பிருச்சு. ரோஜா நிறத்தில் ஒன்றுகூட இல்லை.

ஜனவரி 18

திரும்பவில்லை. காகங்கள் கூடு கூடாக இறங்குகின்றன.

ஜனவரி 22

குஞ்சுகள் செத்து மிதக்கின்றன. ஸ்ரீமதி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கரையில் வைக்கிறாள். நான் இறங்கினேன். "நீங்க வேணாம் மாமா" என்றாள்.

வீட்டில் என் சம்சாரம் ஒச்சம்மாள் சோற்றை வைத்துவிட்டு நின்றாள். "ஒங்க அப்பனையே வேட்டுச் சத்தமில்லாமத்தானய்யா தூக்கிட்டுப் போனோம்." அவ்வளவுதான் சொன்னாள். நான் என்ன காரியம் பண்ணிட்டேன்?

பிப்ரவரி 3

வனத்துறையிலிருந்து வந்தார்கள். இருபது நிமிஷத்தில் எண்ணி முடித்துவிட்டார்கள். ஒன்பது கூடு.

அவர்கள் போன பிறகு ஸ்ரீமதி என்னிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. "கூடு கொறஞ்சாலும், பூநாரை மாதிரி அபூர்வப் பறவை வந்துச்சுன்னு நேர்ல பாத்தவுக எழுதிக் குடுத்தா, மனுவத் தள்ள மாட்டாகளாம். தேதி, நேரம், கையெழுத்து. அது போதும் மாமா."

பிப்ரவரி 4

ராத்திரி முழுக்கத் தாள் வெள்ளையாகவே கிடந்தது. ஜோடித்துச் சொல்ல எனக்கா தெரியாது? நாலு என்ன, நாற்பது என்று எழுதியிருப்பேன். கரையில் அவள் வரிசையாக வைத்த குஞ்சுகளே கண்ணில் நின்றன.

விடிந்ததும் எழுதி, கையெழுத்துப் போட்டு, அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். படித்தாள். மடித்து நோட்டுக்குள் வைத்தாள்.

நான் எழுதியது இவ்வளவுதான்: மேற்குக் கரையில் நான் பூநாரை எதையும் பார்க்கவில்லை. பார்த்தது உரக்கடைக் காலண்டரில்.