லார்ட் லாந்தரின் சாவு அறிவிப்பில் உன் பெயர்

அன்பு மகள் வெர்னலினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், மழை வருமுன் முழங்கால் மட்டும் தகவல் சொல்கிறது. அந்தக் குளிர் ஊரில் நீயும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன். இந்த வருடம் நம் தீவுக்குச் சரியில்லை, எதைத் தொட்டாலும் உள்ளே ஏதோ இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. தேர்தலுக்கு முந்தின வாரம் கூரைத் தகரம் வந்து இறங்கியது, யார் யார் வீட்டுக்குக் கிடைத்தது என்று நான் சொல்லவே வேண்டாம். வாக்கு எண்ணும்போது கரண்ட் போனது, திரும்ப வந்தபோது ஜெயிக்கிறவர் மாறியிருந்தார். பழைய சபாநாயகர் நன்றாகத்தான் டோமினோ ஆடிக்கொண்டிருந்தார், மறுநாள் போய்விட்டார், மாரடைப்பாம். செப்டம்பர் புயல் படகுத்துறையைக் கொண்டுபோனது, அதில் மட்டுமாவது யாரையும் சந்தேகப்பட முடியாது என்று பார்த்தால், புதுத் துறை கட்டும் வேலை அமைச்சரின் மச்சானுக்குப் போயிருக்கிறது.

இப்போது நம் பாட்டுக்காரர் லார்ட் லாந்தரும் போய்விட்டார். மந்திரிகளைக் கிண்டலடிக்கிறது என்று அவருடைய கலிப்ஸோ பாட்டுகளை வானொலியில் போடவிடாமல் தடுத்த அதே அரசாங்கம் அரசு மரியாதையோடு அடக்கம் என்கிறது, இனி அவர் பாடமாட்டார் என்ற தைரியம்தான். போன செவ்வாய் மதியம் சீமைப்பலாவும் உப்புமீனும் தட்டில் வைத்துக்கொண்டு வானொலியில் சாவு அறிவிப்பு கேட்க உட்கார்ந்தேன், அந்த நேரத்தில் ஊரே வாயை மூடிக்கொண்டு கேட்கும் என்பது உனக்குத் தெரியும். லாந்தரின் பிள்ளைகள் பெயரை வாசித்துக்கொண்டே வந்தவன் கடைசியில், இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கும் வெர்னலின், ஊரில் குருவி என்று அழைக்கப்படுபவர் என்றான். தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஹார்டென்ஸின் ரம் கடைப் பக்கம் போனால் ஒருத்தன், "ஓஸ்வால்ட் அண்ணே, உனக்குத் தாளமே வராதே, பொண்ணுக்கு மட்டும் அந்தப் பாடுற தொண்டை எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பத்தானே புரியுது" என்கிறான். லாந்தரின் மனைவியிடமே போய்க் கேட்டேன். "அவரு சொல்லிட்டுப் போன பேரைத்தான் குடுத்தேன், மேல கேக்கணும்னா அவரையே கேளு" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். உன் மேலும் எனக்குச் சந்தேகம்தான் வெர்னலின். ஈஸ்டருக்குப் போன் செய்தபோது லாந்தருக்கு உடம்பு எப்படி என்று இரண்டு தரம் கேட்டாய், என் முழங்காலைப் பற்றி ஒரு தரம்தான் கேட்டாய். அப்போதே சுருக்கென்றது. உன் அம்மாவின் கல்லறைக்குப் போனேன், நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் போனேன், களையைப் பிடுங்கிவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று பஸ் பிடித்து வானொலி நிலையத்துக்குப் போய் என்னுடைய சாவு அறிவிப்பை எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்த பெண், "யாருங்க ஐயா தவறிட்டது" என்றாள். "நான்தாம்மா, இன்னும் ஆகல" என்றேன். செத்த பிறகு வீட்டுக்காரர்கள்தான் கொண்டுவர வேண்டுமாம். யார் எதைக் கொடுத்தாலும் வாசிக்கிறீர்கள், என் விஷயத்தில் யாரையும் நம்பி விடமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், கடைசியில் வாங்கி வைத்துக்கொண்டாள். அதில் பிள்ளை என்று ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது, குருவி என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்காக லாந்தரின் அடக்கத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். நீ வருவாய் என்றுதான் நினைக்கிறேன். வந்து கோயிலில் லாந்தர் குடும்பத்து வரிசையில் உட்கார்ந்தாலும் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். உனக்கு என்ன தெரியும் என்று எழுதவும் வேண்டாம், எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் விமானத்தை விட்டு இறங்கியதும் சூட்கேஸை நேராக இங்கே கொண்டுவந்து வை, உன் அறையில் துவைத்த விரிப்பு போட்டிருக்கிறேன். ஆண்டவர் உன்னையும் குழந்தையையும் கண்போல் காக்கட்டும். கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே.

வானொலியில் யார் எதை வாசித்தாலும்
உன் அப்பா,
ஓஸ்வால்ட்