அரசியின் சிறகைக் கவிழ்த்த செய்தி

மழை தவறாது பெய்க. கடற்காற்று இதமாய் வீசுக. வலைகள் நிறைந்து கரை சேர்க!

வெண்முகில் நாட்டை ஆள்பவரும் மலைக் கணவாய்களின் காவலருமாகிய அரசியார் கொற்றவேண்மாள் திருவாய் மலர்ந்தருள, திருமுகம் எழுதும் அழிசி எழுதிய ஓலை. நம் நாட்டின் நெடுநாள் நட்பினர், சங்கத்தீவின் தலைவர் வெளியனார் கண்டருள்க. தங்கள் மனையும் மக்களும் தோணிகளும் நலமே வாழ்க.

தங்கள் கடல்விழாவன்று இளவரசியார் எயினி வான்கலம் ஏறிக் கடல் கடந்து வந்து இறங்குவார் என்று அரசியார் வாக்களித்திருந்தார். அவ்வாக்கு இவ்வாண்டு நிறைவேறாது. மலைநாட்டார் அஞ்சிவிட்டனரோ என்று தாங்கள் தூதர் வழியே கேட்டதும் அரசியார் செவிக்கு எட்டியது. அஞ்சியது உண்மைதான். ஏன் அஞ்சினோம் என்பதைக் கேட்டுவிட்டுப் பிறகு நகைத்துக்கொள்க.

இந்நாட்டில் ஆள்பவர் இறந்தால் அவர் ஏறிய பல்லக்கைக் கவிழ்த்து வைப்பது வழக்கம். ஆகவே அரச முத்திரை பொறித்த எந்த ஊர்தியையும், ஆள்பவர் உயிரோடிருக்கையில் ஒருவரும் கவிழ்ப்பதில்லை. வான்கலத்தின் சிறகுகளிலும் அம்முத்திரை உண்டு. சிறகின் வலிமையை ஆராயும் பொறுப்பேற்ற பூதங்கண்ணனார் அவ்வழக்கத்துக்கு அடங்கி, சிறகை நிமிர்ந்தபடியே நிறுத்தி, மேலே மணல்மூட்டைகளை அடுக்கிப் பார்த்தார். நுனி தாழ்ந்தது, முறியவில்லை. அரசவை மகிழ்ந்து பயணத்துக்கு நாள் குறித்தது.

பின்னர் ஆளில்லாச் சிறு கலமொன்றைக் குன்றிலிருந்து பறக்கவிட்டபோது, அதன் சிறகு நுனிகள் மேல்நோக்கி வளைவதைக் கண்ணனார் கண்டார். தம் சோதனையின் பிழை அப்போதுதான் அவருக்குப் புலப்பட்டது. தரையில் மூட்டை சிறகைக் கீழே அழுத்தியது. வானிலோ காற்றல்லவா அதைக் கீழிருந்து தூக்குகிறது! சிறகு செய்த குமிழ மரம் இழுத்தால் நன்றாகத் தாங்கும். நெருக்கினால் எளிதில் நசுங்கும். சிறகின் நீளம் முழுதும் ஓடும் தாங்குமரத்தில், நுனி மேலே வளைந்து பறக்கும்போது நெருக்குண்பது மேல்விளிம்பாகிய மேற்பட்டை. அவரோ தரைச் சோதனையை நம்பிக் கீழ்ப்பட்டையைத் தடிப்பாக்கி, பாரம் குறைக்க மேற்பட்டையை இழைத்து மெலிதாக்கியிருந்தார்.

கண்ணனார் அவைக்கு வந்து, தம் சோதனை பிழையென்றும், சிறகைக் கவிழ்த்து மறுபடி பாரம் ஏற்ற வேண்டுமென்றும் விண்ணப்பித்தார். அவை கொதித்தெழுந்தது. அரசியார் மாளவேண்டுமென்று விரும்புகிறீரோ என்றார் படைத்தலைவர். இளவரசியாரே சினந்து, பறக்கப்போவது தாமே என்றும், தமக்கு அச்சமில்லை என்றும் உரைத்தார். நல்ல அவை இது! கவிழ்த்தால் தீங்கு என்று கூவிய வாய்களுள் ஒன்றேனும், நடுக்கடலில் சிறகு முறிந்தால் என்ன ஆகும் என்று கேட்கவில்லை.

அரசியார் மட்டுமே கேட்டார். சிறகு முறியுமென்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று வினவினார். முடியாது, கவிழ்த்துப் பார்த்தாலன்றித் தெரியாது என்றார் கண்ணனார். அரசியார் எழுந்து நேரே சிறகுச்சாலைக்குச் சென்று, சிறகின் ஒரு முனையைத் தம் கையால் பற்றி, மறுமுனையைப் பற்றுமாறு படைத்தலைவரைப் பணித்தார். அவரும் முணுமுணுத்தபடி பற்றினார். முத்திரை மண்ணை நோக்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

முன்பு ஏற்றிய மூட்டைகளில் பாதி ஏறுமுன்னே மரத்துள் ஒரு முனகல் கேட்டது. அடுத்த மூட்டையில், கவிழ்ந்ததால் இப்போது கீழே இருந்த மேற்பட்டை நசுங்கிச் சுருக்கம் விழுந்தது. சிறகு ஒடிந்து தரையில் கிடந்தது. இளவரசியார் ஒடிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பின் கண்ணனாரிடம், புதுச் சிறகை எப்போது செய்யத் தொடங்குவீர் என்று மட்டும் கேட்டார். அரசியார் அப்போதுதான் அழுதார். அதை இவ்வோலையில் மறைக்க வேண்டாமென்று அவரே பணித்தார்.

ஆதலின் அரசியார் ஆணை இது. மேற்பட்டை தடித்த புதுச்சிறகு செய்யப்படும், கவிழ்த்தே சோதிக்கப்படும், முழுப்பாரம் தாங்கிய பின்னரே எயினி அதில் ஏறுவார். கண்ணனார் தம் பதவியில் தொடர்வார். அவசரப்படுத்துவோர் எவராயினும், ஒடிந்த சிறகின் இணையாக எஞ்சியிருக்கும் மற்றச் சிறகை முதலில் வந்து தாமே கவிழ்த்துப் பாரம் ஏற்றிப் பார்த்துப் பேசுக. தாங்கள் துறையில் கட்டிய தோரணங்களை அவிழ்த்துவிடுக. அதனால் வரும் சினத்தை அரசியார் மீதே கொள்க.

இவ்வோலை அரசியார் முன் படிக்கப்பட்டு, அவர் கையாலேயே இலச்சினை இடப்பட்டது. இடுமுன், இறுதியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: விழா அடுத்த ஆண்டும் வரும், தமக்கு மகள் ஒருத்தியே.