படகில் போட்ட முதல் விளக்கு

அன்புள்ள ஆத்தாவுக்கு மகாராணி எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

போடிமெட்டுக்கு மேலே, நான் சமைக்கிற விடுதியில் ஏரிப் படகுக்குப் புது ஒயர் இழுத்தார்கள். ஒயர்மேன் பிச்சைமணி அண்ணனுக்குக் கூடமாட உதவினேன். இடப்பக்கம் சிவப்பு லைட்டு, வலப்பக்கம் பச்சை. படகு எந்தப் பக்கம் போகிறதென்று இருட்டில் அதை வைத்தே தெரியுமாம்!

முடித்ததும், "சுவிச்சப் போடுத்தா" என்றார்.

"புருசன் செத்தவ மொத வெளக்கப் போடலாமாண்ணே?"

"பேட்டரிக்கு அதெல்லாம் தெரியாது. வெரசாப் போடு, பசிக்குது!"

போட்டேன், எரிந்தது. அவர் சாப்பிடப் போன பிறகும் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன்.

உன் மருமகனின் டெஸ்டர் பரணில் கிடக்கும். இருந்தவரைக்கும் என்னைத் தொடவிட்டதில்லை. யாருக்கும் கொடுத்துவிடாமல் இங்கே மேலே வருகிற ஜீப்பில் அனுப்பு. சமையல்கட்டில் எரியாமல் கிடக்கிற லைட்டை நானே சரிபார்க்கப்போகிறேன். உலை கொதிக்கிறது, வைக்கிறேன்.

மகாராணி