'ஆட்சேபம் இல்லை' என்று பதிவான கடைசி இருக்கை

அனுப்புநர்:
பயனாளர் பிரதிநிதி, கடைசி இருக்கை
தொழில்: மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுதல்
(பெயரும் முகவரியும் உறுப்பினர் பதிவில் உள்ளபடி)

பெறுநர்:
தரநிலை ஆணையர் அவர்கள்,
தலைமை அலுவலகம்

பொருள்: நிறுவனக் கணினி, தரவுச் சேமிப்பு இயந்திரங்களின் ஒத்தியங்குத் தரநிலைக்கான தொழில்நுட்பக் குழு – சென்ற கூட்டத்தில் ஆட்சேபம் இன்றி நிறைவேறியதாகச் சொல்லப்படும் விதி – என் ஆட்சேபத்தைப் பதிவு செய்யவும், மருத்துவமனையின் பழைய சேமிப்பு இயந்திரம் அழிக்கப்படுவதை நிறுத்தி வைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். மனுவுக்கு அது தேவைப்படுகிறது. மேற்படி கூட்டத்தில் ஒவ்வொருவர் முன்பும் ஒரு பெயர்ப்பலகையைப் படுக்க வைத்திருந்தார்கள். பேச நினைப்பவர் அதை நெட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும், தலைவர் பார்த்து அழைப்பார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். எனக்குத் தெரியாது. டீ கோப்பை வைக்க இடம் போதாமல் என் பலகையை நிமிர்த்தி ஓரமாக வைத்தேன். உடனே தலைவர் ஐயா பேச்சை நிறுத்தி, "பயனாளர் பிரதிநிதி, சொல்லுங்க" என்றார். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. மைக்கில் சிவப்பு விளக்கு வேறு எரிந்தது. "ஒண்ணுமில்ல சார், டீக்கு இடம் பண்ணேன்" என்றேன். அது அறை முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்ய.

2. பள்ளி இறுதி வகுப்பை இரண்டாவது முயற்சியில் முடித்த நான் அந்த இருக்கைக்கு எப்படி வந்தேன் என்று தாங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதையேதான் கேட்டாள். வீட்டு வாஷிங் மெஷினைக்கூட நான்தானே போடுகிறேன், உங்களை எந்தக் கணினிக் கமிட்டியில் கூப்பிட்டார்கள் என்றாள். நடந்தது இதுதான்: என் மகளைக் காட்டும் மருத்துவமனையின் சேமிப்பு இயந்திரத்தில் தங்கள் ஆணையகத்தின் முத்திரையும் அதன் கீழே ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தன. நான் கூப்பிட்டுப் புலம்பினேன். எடுத்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, குழுவில் பயனாளர் இருக்கை ஒன்று வெகுநாளாகக் காலியாக இருக்கிறது, இஷ்டம் இருந்தால் வந்து உட்காரலாம் என்றார்கள். மைத்துனரின் கோட்டை இரவல் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பொத்தான் போட முடியவில்லை என்பது வேறு விஷயம்.

3. என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சிறு வயதிலேயே அறுவை செய்து காதின் உள்ளே ஒரு கருவி வைத்தார்கள். காதின் பின்னால் மாட்டிக்கொள்ளும் இன்னொரு பகுதி வெளியே இருக்கும். எந்த ஒலி அவளுக்கு எவ்வளவு கேட்க வேண்டும், எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் சேர்ந்ததை 'மேப்' என்கிறார்கள். இது ஒரே நாளில் அமைவதல்ல. நாங்கள் 'காது மேடம்' என்று கூப்பிடும் நிபுணர், வருஷக்கணக்கில் அவளை எதிரே உட்கார வைத்து, ஒரு ஒலி கொடுத்து, முகத்தைப் பார்த்து, கொஞ்சம் திருகி, மறுபடி ஒலி கொடுத்து, அப்படிச் செய்து முடித்தார். அது முடிந்த பிறகுதான் என் மகள் பக்கத்து அறையில் இருந்தபடியே என் பேச்சுக்குப் பதில் பேச ஆரம்பித்தாள். எதிர்த்துப் பேசவும் அப்போதுதான் ஆரம்பித்தாள்.

4. வெளியே மாட்டும் பகுதி சென்ற மாதம் துணி ஊறப் போட்ட வாளியில் விழுந்து கெட்டுவிட்டது. இது யார் தப்பு என்று வீட்டில் இன்னும் விசாரணை நடக்கிறது. புதியது வந்தது. அதற்குள் மேப்பை ஏற்ற மருத்துவமனைக்குப் போனோம். காது மேடம் கணினியில் தேடினார், மறுபடி தேடினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு திரும்பவும் தேடினார். சமீபத்தில் மருத்துவமனை பழைய சேமிப்பு இயந்திரத்தை மாற்றி, வேறொரு கம்பெனியின் இயந்திரத்தை வாங்கியிருக்கிறது. பழையதில் இருந்த எல்லாம் புதியதற்கு வந்து சேர்ந்துவிட்டன. எது யாருடையது என்ற அடையாளச் சீட்டு மட்டும் வரவில்லை. அதைப் பழைய இயந்திரம் தன் வழக்கப்படி எழுதி வைத்திருக்கிறது. புதியதற்கு அந்த எழுத்து புரியவில்லை. என் மகளின் மேப் அங்கேதான் இருக்கிறது, இதே கருவி வைத்த மற்றப் பிள்ளைகளின் மேப்புகளோடு கலந்து. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாமே என்று கேட்டேன். இன்னொரு பிள்ளையின் மேப்பை இவளுக்குப் போட்டால் தாங்க முடியாத சத்தம் தலைக்குள் இறங்கலாம் என்றார் மேடம்.

5. ஆக இப்போது அவள் மாட்டியிருப்பது ஆரம்ப நிலை அமைப்பு. "அப்பா, நீ தகர டப்பாக்குள்ள உக்காந்து பேசுற" என்கிறாள். நாள் முழுக்கக் கத்தித் தேய்ந்த என் குரல் முன்னேயும் அப்படித்தானே இருந்தது என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன். ஆனால் பள்ளியிலிருந்து வந்ததும் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுகிறாள். போடச் சொன்னால் தலைவலி என்கிறாள். காது மேடம் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். பழைய நிலைக்கு வர எத்தனை நாளாகும் என்று அவருக்கே தெரியவில்லை.

6. பழைய இயந்திரத்தை ஒருமுறை ஓட்டினால் சீட்டுகளைப் படித்துவிடலாம். அது மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் மூடி வைக்கப்பட்டிருக்கிறது. வாடகை ஒப்பந்தம் முடிந்ததால் இந்த மாதக் கடைசியில் உள்ளே உள்ளதை எல்லாம் அழித்துவிட்டுப் பழைய கம்பெனிக்காரர்கள் எடுத்துப்போவார்களாம். பழைய கம்பெனியைக் கேட்டால் புதிய கம்பெனியைக் கேளுங்கள் என்கிறது. புதியதைக் கேட்டால் பழையதைக் கேளுங்கள் என்கிறது. இரண்டும் ஒரே முத்திரையைத்தான் காட்டுகின்றன, ஐயா, தங்கள் முத்திரையை. எந்தக் கம்பெனி இயந்திரமும் எந்தக் கம்பெனி இயந்திரத்தோடும் ஒத்து இயங்கும் என்பதற்கான முத்திரை. அதை நம்பித்தான் வாங்கினோம் என்கிறார் மருத்துவமனையின் கணினிப் பிரிவு அதிகாரி. இரண்டில் ஏதோ ஒன்று பொய் முத்திரை என்றுதான் நானும் நினைத்தேன். அதைப் பிடித்துக் கொடுக்கத்தான் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தேன்.

7. இனி சொல்வது கூட்ட விதிகளின்படி வெளியே சொல்லக் கூடாததாக இருக்கலாம். அதற்கான தண்டனை எனக்கு வரட்டும். தேநீர் இடைவேளையில் நீலச் சட்டை போட்ட ஒரு பொறியாளர் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தவர். நான் இரண்டு கம்பெனிகளின் பெயரையும் சொல்லி, இவற்றில் எது போலி முத்திரை என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். ஆண்டுதோறும் எல்லாக் கம்பெனிகளும் தங்கள் இயந்திரங்களை ஒரு மண்டபத்துக்குக் கொண்டுவந்து ஒன்றோடொன்று இணைத்துச் சோதிப்பார்களாம். அங்கே கண்டதை வெளியே சொல்வதில்லை என்பது ஏற்பாடாம். "அது ரெண்டும் வந்த நாள்லேர்ந்தே பேசிக்கிறதில்லண்ணே. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு மூஞ்சி பாக்காத அண்ணன் தம்பி மாதிரி. இங்க எல்லாருக்கும் தெரியும்" என்றார். அப்படியானால் முத்திரை எப்படி என்றேன். அடையாளச் சீட்டு எழுதும் முறையில் இரண்டு கம்பெனிகளும் விட்டுக்கொடுக்கவில்லை, அதனால் அந்தப் பகுதியை மட்டும் 'அவரவர் விருப்பம்' என்று விட்டுவிட்டோம், மற்ற எல்லாவற்றிலும் இரண்டும் தேறிவிட்டன, முத்திரை சுத்தமானது என்றார்.

8. ஐயா, என் கையில் இருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்தது. அதை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. திருடனைப் பிடிக்க வந்தவனுக்கு, இங்கே யாரும் திருடவில்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அந்த அறையில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மருத்துவமனைக்கு மட்டும் தெரியாது, காது மேடத்துக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியாது. சந்தையில் அழுகின தக்காளியை அடியில் போட்டு மேலே நல்லதை அடுக்குகிறவர்களை எனக்குத் தெரியும்; அவர்களாவது நம் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். இவர்கள் அன்பாக முகம் பார்த்துப் பேசினார்கள். என்னைத் தூக்கிவாரிப் போட்டது அதுதான்.

9. இடைவேளை முடிந்து திரும்பினால் அடுத்ததாக எடுத்துக்கொண்டதே அந்த விதிதான். தரநிலையின் புதிய பதிப்பிலும் அடையாளச் சீட்டு முறை அவரவர் விருப்பமாகவே தொடரலாம் என்பது முன்மொழிவு. தலைவர் அதை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். என் பலகையை நிமிர்த்தினேன். தலைவர் பார்த்தார். என் இன்னொரு கையில் காலிக் கோப்பை இருந்தது. அவர் அன்பாகச் சிரித்து, வாசலில் நின்ற பணியாளருக்குக் கண்ணைக் காட்டினார். டீ வந்தது. விதியும் நிறைவேறியது. ஆட்சேபம் இல்லை, அனைவரும் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். ஏலத்தில் எனக்கு வேண்டிய வியாபாரி இருந்தால் நானும் இந்த வேகத்தில் முடித்திருக்கிறேன். ஆனால் சந்தையின் இந்த மூலையில் கத்தினால் அந்த மூலையில் லாரிக்காரர் திரும்பிப் பார்க்கும் தொண்டையை வைத்துக்கொண்டு, அன்றைக்கு நான் புதுக் கோப்பைக்குத்தான் இடம் பண்ணினேன். சூடாக டீ முன்னால் இருக்கிறது, அதை வரவழைத்த தலைவர் என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார். நானும் தலையசைத்துவிட்டேன்.

10. கூட்டம் முடிந்த பிறகு தலைவர் ஐயாவிடம் போய், அந்தப் பலகை டீக்காக அல்ல என்று சொன்னேன். மகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொன்னேன். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒருமித்துப் போவதற்காக முட்டுகிற இடத்தை எல்லாம் 'விருப்பம்' ஆக்கி ஆக்கி இப்படி வந்துவிட்டது, அந்தப் பக்கம் ஒரு குழந்தை இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை என்றார். நிறைவேறிய விதியைத் திறக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, உறுப்பினர் ஒருவர் ஆணையருக்கு எழுத்தில் மனுச் செய்தால்தான் முடியும் என்று வழி சொன்னவரும் அவரே. அவர்மேல் எனக்குப் புகார் இல்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

11. எனவே நான் வேண்டுவது: பழைய இயந்திரத்தை அழிக்கும் வேலையை இந்த மாதம் முடிவதற்குள் தங்கள் உத்தரவால் நிறுத்த வேண்டும். இதுதான் முதலும் முக்கியமும். மற்றவை தாமதமானாலும் பொறுத்துக்கொள்வேன், இது தாமதமானால் கேட்டுப் பயனில்லை. அதன்பின் இரண்டு கம்பெனிகளின் பொறியாளர்களையும் அந்தக் கீழ்த்தளத்துக்கு அனுப்பி, இயந்திரத்தை ஓட்டி, சீட்டுகளைப் படித்து, பிள்ளைகளின் மேப்புகளைப் பிரித்துக் கொடுக்கச் செய்ய வேண்டும். ஒருவரோடொருவர் பேசப் பிடிக்கவில்லை என்றால் நடுவில் நான் உட்கார்ந்து கத்திச் சொல்கிறேன், எனக்கு அது பழக்கம்தான். என் இருக்கையின் பெயரில் 'ஆட்சேபம் இல்லை' என்று இருப்பதை 'ஆட்சேபம் உண்டு' என்று திருத்தி, அந்த விதியை மறுபடி விவாதத்துக்கு எடுக்க வேண்டும். அதுவரைக்குமாவது, எதெதில் ஒத்துப்போகாது என்பதை முத்திரைக்குப் பக்கத்திலேயே வாங்குபவர் கண்ணில் படும்படி அச்சிடச் செய்ய வேண்டும்.

12. அடுத்த கூட்டத்துக்கும் என்னை அழைத்தால் கண்டிப்பாக வருவேன். டீ வேண்டாம்.

தங்கள் உத்தரவு மாதக் கடைசிக்கு முன் வந்து சேரும் என்று வாசலைப் பார்த்தபடி இருக்கும்,

(ஒப்பம்)
பயனாளர் பிரதிநிதி, கடைசி இருக்கை

நாள்: கூட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை
இடம்: வீடு, சாப்பாட்டு மேசை

பின்குறிப்பு: விடைபெறும்போது தலைவர் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா இப்ப எப்படி சமாளிக்கிறாங்க?" என்று கேட்டார். ஒப்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். சமாளிக்கிறாள் சார் என்று மட்டும் சொன்னேன். அதற்கு முந்தின நாள் சந்தையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்திருந்தேன். அவள்தான் எடுத்தாள். இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "அம்மா, யாரோ ஒருத்தர் பேசுறாரு" என்று போனைத் தாயிடம் கொடுத்துவிட்டாள். இதை நான் அவரிடம் சொல்லவில்லை.